வாடிக் கற்கள் பதினாறு

மன்னார் ரவுணுக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து யோசேப் வீட்டில் ஒருவரோடும் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை என்பது சென்ற கிழமைக் கதை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரில் அவர் என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள், எவருக்கும் தெரியாது. மருமகன் மில்ரன் முன்பக்கத் தோட்டத்துப் பாதைக்கென்று லொறியில் இறக்கிய சதுரக் கற்களை ஒரு பார்வை பார்த்தார். காறித் துப்பினார். கதிரையில் போய் இருந்தார். அவ்வளவுதான்.

அவர் கதைக்காவிட்டால் யாருக்கு என்ன என்று செலீனா நினைத்தாள். அவளோடு ஒன்பது வருஷமாகக் கதைக்காத மனிதர்தானே.

செலீனா யோசேப்பின் ஒரே தங்கை. வேலிக்கு இந்தப் பக்கம் அவள் வளவு, அந்தப் பக்கம் அண்ணன் வளவு. அண்ணன் வளவு என்பது வாய்ப்பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்பே அதை மகள் ஜெசிக்காவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. வீடு மகளுக்கு, அதிகாரம் மருமகனுக்கு, எழுதிக் கொடுத்தவருக்குப் பின்அறை.

அவர்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். குடிக்கலாமா என்பது வேறு விஷயம். செலீனாவின் கிணறு உப்புச் சவர். வேலியிலிருந்து முப்பதடி தள்ளி அண்ணன் வளவில் இருக்கும் கிணறு நல்ல தண்ணீர். கடவுள் அப்படிப் பங்கு பிரித்திருக்கிறார், யாரிடம் போய்க் கேட்பது?

அவள் பின்னேரத்தில் இடியப்பம் அவித்துச் சாஹுல் ஹமீட்டின் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கிறாள். நாளுக்கு முந்நூறு. சவர்த் தண்ணீரில் மாவைக் குழைத்தால் உரலிலிருந்து இறங்கும்போதே அறுந்து கொட்டும். குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்ட ஒரு நாள் வரும், வந்தாலும் மருந்து நாற்றம். தனிக்கட்டை ஆகிவிட்டவளுக்கு அந்தக் கிணற்றை விட்டால் அடுப்பு இல்லை.

ஆகவே தினமும் காலையில் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் இரண்டு வாளியோடு அந்த வளவுக்குள் போவாள். அவள் வரும் அரவம் கேட்டதும் யோசேப் எழும்பி, கிணற்றடியில் போட்டிருக்கும் கதிரையைத் தூக்கி, மறுபக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பார். அவள் அள்ளிக்கொண்டு போனபின் பழையபடி திருப்புவார். மழை நாளில் குடையோடு வந்து திருப்பிய மனிதர் அவர். வாயால் ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

சண்டை கல்லுக்காக வந்தது. தகப்பன் கடற்கரையில் கருவாட்டு வாடி வைத்திருந்தவர். வாடி சரிந்து விழுந்தபின் மிஞ்சியது, மீன் வெட்டிக் காயப்போட்ட தளத்துக் கற்கள்தான். பலகைபோல் தட்டையான கற்கள், உப்பு ஊறி ஊறி வெளிறிப் போனவை. அதில் பாதி தனக்கு என்று செலீனா கேட்டிருந்தாள். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் அவ்வளவும் அண்ணன் வீட்டுப் பின்கோடியில் குவிந்து கிடந்தன. அந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, எல்லோருக்கும் கேட்க, "அப்பு செத்து ஆறு மாசம் ஆகேல்லை, கள்ளன் கல்லையும் விட்டுவைக்கேல்லை" என்று அவள் சொன்னாள். அதோடு முடிந்தது.

அந்தக் கற்கள் ஒன்பது வருஷம் கோடியில் கிடந்தன. இந்த வெள்ளிக்கிழமை காலையில் கிடக்கவில்லை.

முதல்நாள் விடத்தல்தீவில் ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்குப் போய்க் கடைசி பஸ்ஸில் வந்து படுத்தவள், விடிந்ததும் வாளிகளோடு பொட்டடிக்கு வந்தாள். குனிந்து கால் வைத்தாள். மணல் இல்லை. கல்.

பொட்டடியிலிருந்து கிணற்றுக் கட்டுவரை ஒன்றன்பின் ஒன்றாகக் கல். கீழே ஊரிச் சிப்பி பரவி, நனைத்து, மண் கிளப்புகிற இரும்பு அலவாங்கின் அடியால் இடித்து இறுக்கி, அதன்மேல் பதித்திருந்தது. ஒரு கல்லும் ஆடவில்லை. பதினாறு. முதலாவது கல் எதுவென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தகப்பன் கத்தி தீட்டித் தீட்டி நடுவில் குழிந்துபோன கல்.

அவளுக்கு மேல் முழுக்கப் பற்றியது.

வெறும் வாளிகள் இரண்டும் முட்டி அடிக்க அந்தக் கற்களின் மேலேயே கிணற்றடிக்கு நடந்தாள். அந்தக் கோபத்திலும் அவள் கால் ஒரு கல்லையும் தவறவிடவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

யோசேப் கதிரையைத் திருப்பிவிட்டு இருந்தார். கையில் சிப்பி கீறிய காயம், விரலிடுக்கில் சேறு. எழுபது வயது மனிதர் தனியே சுமந்து பதித்திருக்கிறார்.

"இது ஆற்றை கல்லு?" என்று அவள் அந்த முதுகைக் கேட்டாள்.

முதுகு அசையவில்லை.

"அப்புவின்ர வாடிக் கல்லு. பாதி என்ர. என்ர பங்கைக் கொண்டுவந்து என்ர காலுக்குக் கீழ போட்டு, மிதிச்சுக்கொண்டு போடி எண்டுறாய், என்ன? நான் ஊரில இல்லாத நாள் பாத்து. அண்டைக்கும் விடியப்புறம்தான் அள்ளினனீ. பழக்கம் போகாது."

யோசேப் பிடரியைச் சொறிந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்ததுபோலத் தோள் ஒருதரம் ஏறி இறங்கியது.

"இந்தக் கல்லில நடந்து வந்து நான் தண்ணி அள்ளமாட்டன்."

சொன்னபடியே வெறும் வாளிகளோடு திரும்பினாள். சொல்லை விட்டுக்கொடுக்கிற குடும்பம் அல்ல அது.

பொட்டடியில் மில்ரன் நின்றான். கட்டாரில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். தேத்தண்ணிக் கோப்பையோடு, அப்போதுதான் குளித்த தலையோடு நின்றான். வெளிநாட்டுக்காரர் வந்து தங்க அறை கட்டுகிறேன் என்று இரண்டு மாதமாக வீட்டைப் புரட்டிப் போட்டிருப்பவன். ஆளைக் குறை சொல்ல ஏலாது, யாரோடும் குரல் உயர்த்திக் கதைக்க மாட்டான்.

"அன்ரி, எனக்கும் இது விருப்பமில்லை. மாமா என்னட்டயும் கேக்கேல்லை."

"நீ சொல்லி எடுப்பியன் தம்பி. உன்ர வளவுதானே."

"நான் சொன்னால் கேக்கிற ஆளே அவர்? நீங்கள் விதானையாரிட்ட ஒரு முறைப்பாடு குடுத்தால் சரி. அவர் ஒரு துண்டு எழுதித் தந்தால் நான் இண்டைக்கே கல்லை எடுப்பிச்சு விடுறன். உங்கட பாதிக் கல்லையும் உங்கட வளவுக்குள்ள போடுவிக்கிறன்."

பாதிக் கல் என்ற சொல்லில் அவள் விழுந்தாள். ஒன்பது வருஷமாக ஒருத்தரும் அவளுக்குச் சொல்லாத சொல் அது.

"எப்ப போறது?"

"வெளிக்கிடுங்கோ. நானே ஓட்டோவில கூட்டிக்கொண்டு போறன்."

போகிற வழியில் சாஹுல் ஹமீட்டுக்கு ஃபோன் எடுத்து, இன்றைக்கு இடியப்பம் இல்லை என்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையில கழுத்தை அறுக்கிறியளே அக்கா," என்றார் அவர். "நாளைக்கு எண்டாலும் தருவியளோ? பேசாலையில ஒராள் நான் தாறன் தாறன் எண்டு நிக்குது. நானும் எத்தின நாள் கையால மறைக்கிறது."

"நாளைக்கு வரும்."

"அல்லாவே எண்டு வரட்டும்."

விதானையார் என்று ஊர் சொல்லும் கிராம சேவகர் வயது குறைந்தவர். நிதானமாக எழுதுகிறவர். மேசையில் மின்விசிறி ஓட, தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். மில்ரன் பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருந்தான்.

"சரி அம்மா. நீங்கள் நடக்கிற பாதையில உங்கட அண்ணன் கல்லுப் பதிச்சிருக்கிறார். பாதை எண்டால் கல்லுப் பதிச்சது நல்லதுதானே? இதில என்ன முறைப்பாடு எழுதுறது?"

செலீனா அவரைப் பார்த்தாள். யோசேப்பும் இந்த ஆளின் தகப்பனும் ஒரே படகில் போனவர்கள். அங்கே இழுக்கிறார் என்று அவள் மனம் உடனே தீர்ப்புச் சொன்னது.

"பாதை ஒண்டும் இல்லை," என்றாள். "வெறும் மணல்."

"நீங்கள் தண்ணிக்குப் போய்வாறது?"

"போறன். சகோதரம் எண்டு போறன். உரிமை எண்டு ஒரு நாளும் போகேல்லை."

விதானையார் பேனையைத் தாளில் வைக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. நான் எழுதினால் எழுதினதுதான். முந்தியும் அதில வழி இருக்கேல்லையோ?"

"என்னைக் குழப்பாதைங்கோ. இருக்கேல்லை எண்டு எழுதுங்கோ. இல்லாத பாதைக்கு அந்தாள் என்னத்துக்குக் கல்லுப் பதிக்கிறார் எண்டும் கேட்டு எழுதுங்கோ."

அவர் எழுதினார். வாசித்தும் காட்டினார். அவள் கையெழுத்து வைத்தாள். எஸ் எழுத்தை நீட்டி, கோயில் பதிவேட்டில் கல்யாணத்துக்கு வைத்ததுபோல வடிவாக வைத்தாள். மில்ரன் சாட்சியாக வைத்தான். ஒரு பிரதி அவளுக்கு, ஒன்று விதானையாருக்கு, ஒன்று மில்ரனுக்கு. அவனுக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. பாதிக் கல் அந்த எண்ணத்தின் மேல் வந்து விழுந்தது.

பகல் இரண்டு மணிக்கு இரண்டு கூலியாட்கள் வந்தார்கள். அலவாங்கை விட்டுக் கற்களைக் கிளப்பினார்கள். இறுகப் பதித்தது லேசில் வரவில்லை. "ஆரப்பா பதிச்சது? செத்தாலும் அசையாத மாதிரிப் பதிச்சிருக்கு," என்று ஒருத்தன் சொல்வது வேலியைத் தாண்டிக் கேட்டது. செலீனா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். ஒவ்வொரு கல் விழும் சத்தத்துக்கும் ஒரு வருஷம் கழிவதுபோல இருந்தது.

கல் சத்தம் நின்றபின் வேறு சத்தம் தொடங்கியது. மண் தோண்டும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். பொட்டடியில் குழி வெட்டுகிறார்கள். பக்கத்தில் சீமெந்துத் தூண்கள் நான்கு கிடந்தன. அவை இன்றைக்கு வந்தவை அல்ல. அடியில் எறும்புப் புற்று இருந்தது.

"தம்பி, இதென்ன?"

மில்ரன் கைகளைத் தட்டிக்கொண்டு வேலியருகே வந்தான். "மதில் அன்ரி. அறைக்கு ஆக்கள் வந்தால் அவையளுக்கு ஒரு மறைப்பு வேணும்தானே."

"அப்ப நான் எதால போறது?"

"எங்க?"

"கிணத்துக்கு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏசியிருப்பாள்.

"வழி இல்லையெண்டு நீங்கள்தானே அன்ரி எழுதிக் குடுத்தனீங்கள். உரிமையா வரேல்லை எண்டும். நான் ஒண்டும் சொல்லேல்லையே, பக்கத்தில சும்மாதானே இருந்தனான்."

உண்மை. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உங்கட பாதிக் கல்லை மதில் முடிய அனுப்பிவிடுறன்," என்றுவிட்டுப் போனான்.

அந்தப் பின்னேரம் ஜெசிக்கா வந்தாள். பொட்டால் வர ஏலாது, கம்பி இழுத்தாயிற்று. றோட்டால் சுற்றி, முன்படலையால் வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"என்ர சீதன உறுதி மாமி. கொப்பி."

"எனக்கு என்னத்துக்கு?"

"அப்பம்மா எழுதின பழைய உறுதியில, கிணத்தில உங்களுக்குப் பங்கும், போய்வர வழியும் எண்டு இருந்தது. இதில அந்த வரி இல்லை."

செலீனா தாளைத் தொடவில்லை. "ஆர் எடுத்தது?"

"தெரியாது." ஜெசிக்கா கீழே பார்த்தாள். "எழுத்து வேலைக்கெல்லாம் இவர்தான் போய்வந்தவர். அப்பா வாசிக்காமலே கையெழுத்து வச்சவர். போன கிழமைதான் ரவுணுக்குப் போய் அறிஞ்சவர். என்னட்டயும் நேற்றுத்தான் வாய் திறந்தவர்."

அடுப்பு ஏற்றாத குசினி.

"அங்க ஒரு கிளாக்கர் சொன்னவராம், உறுதியில இல்லாட்டியும், கனகாலமாப் பாவிச்ச பாதை எண்டு கண்ணால காட்டக்கூடியதா ஏதும் இருந்தால் லேசில அடைக்க ஏலாது எண்டு. மணலில என்னத்தைக் காட்டுறது மாமி? ஒரு கச்சான் காத்துக்குத் தடம் போயிடும். நேற்று நீங்கள் விடத்தல்தீவுக்குப் போனாப்போல, இவரும் ரவுணில நிண்ட நேரம் பாத்து, அப்பா..."

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே."

"நானும் அதைத்தான் சொன்னனான். 'அவள் கள்ளன் எண்டவள், நான் அவளிட்டப் போய்க் கதைக்கிறதோ' எண்டார். 'கல்லைப் பாத்தால் விளங்கும் அவளுக்கு' எண்டார்."

செலீனாவின் கை தாளின்மேல் போனது. வாசிக்கவில்லை. விரலை மட்டும் வைத்தாள்.

"எப்படிப் பதிச்சவர் தெரியுமே?" என்றாள் ஜெசிக்கா. "அளவு நூல் ஒண்டும் பிடிக்கேல்லை. முந்தநாள் காலமை நீங்கள் தண்ணி கொண்டுபோன கால் தடம் மணலில கிடந்தது. அதில ஒவ்வொண்டிலயும் ஒரு தடி குத்தி வச்சிருந்தார். கோழி வந்து தடியைத் தட்ட, கோழிக்குக் கல்லால எறிஞ்சவர். அந்தத் தடத்துக்கு மேலதான் பதிச்சது."

செலீனா விதானையாரிடம் ஓடினாள். ஓட்டோ பிடிக்கவில்லை, நடந்தே ஓடினாள். அறுபத்துமூன்று வயதில் வெள்ளிக்கிழமை வெயிலில் ஒருத்தி செருப்பில்லாமல் றோட்டால் ஓடுவதை ஊர் பார்த்தது. விதானையார் கந்தோரைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கோ."

"கிழிக்கிறதோ? நீங்கள் போன கையோட மருமகன் தன்ர பிரதியைக் கொண்டு பிரதேச சபைக்குப் போயிட்டார். மதில் அனுமதிக்கு." அவர் திறப்பைப் பையில் போட்டார். "நான் கேட்டனான் அம்மா. ரெண்டு தரம் கேட்டனான்."

"கேட்டனீங்கள்."

அவரை நம்பாதது தன் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய் வேறு எல்லாவற்றுக்கும் வரும்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டில் தண்ணீர் ஒரு அரை வாளி. நாளைக்கு முந்நூறு என்று சொல்லியாயிற்று. பொட்டடிக்குப் போனாள்.

தூண் நான்கும் நின்றன. குறுக்கே கம்பி ஐந்து வரி. அந்தப் பக்கம் கல் இருந்த இடமெல்லாம் பள்ளம், பள்ளத்தில் வெள்ளைச் சிப்பி. கிணற்றடியில் கயிறும் இல்லை, துலாவாளியும் இல்லை.

காலடியில் கல் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். கத்தி தீட்டின கல். பதினைந்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். இது வேலிக்கு இந்தப் பக்கம், அவளுடைய சொந்த வளவுக்குள் கிடந்தது. மில்ரனின் ஆட்களுக்கு இதில் கை வைக்க உரிமையில்லை. காலையில் அவள் கோபத்தில் வேலி எங்கே, கல் எங்கே என்று பார்க்கவில்லை. அண்ணன் பொட்டுக்குள்ளால் குனிந்து, அவள் இல்லாத வளவுக்குள் வந்து, அதைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை.

அவள் அதில் ஏறி நின்றாள். கால் வைக்க அடுத்த கல் இல்லை.

கம்பிக்கு அப்பால் யோசேப் கதிரையில் இருந்தார். கதிரை திருப்பியிருக்கவில்லை. நேராக அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மனிதர் இவ்வளவு கிழண்டுபோனார் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் முதுகுதானே.

"பாதை இல்லையெண்டு சொல்லச் சொல்லி ஆரடி உன்னைக் கேட்டது?" என்றார்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

"காலமை கேட்டனான்தானே. ஆற்றை கல்லு எண்டு."

"அது கேட்டதே? அது ஏசினது."



அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கல்லின்மேல் நின்றபடியே அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரை அவர் செய்த வேலையை இன்றைக்கு அவள் செய்தாள்.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது. மணலில் கால் இழுபடும் சத்தம் தூண்பக்கம் வந்தது. பிறகு அலவாங்கு மணலுக்குள் இறங்கும் சத்தம். ஒரு குத்து. இன்னொரு குத்து.

தூணைத்தான் கிளப்புகிறாரா, எடுத்த கல்லைத் திரும்பப் பதிக்கக் குழி எடுக்கிறாரா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து வரவில்லை.

முன்படலையில் மில்ரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அலவாங்குச் சத்தம் நிற்கவில்லை.